எஃகுக்கு எதுக்குப் பவுடர்?

 

செம்பு 1085 டிகிரி செல்சியசில் உருகும். எஃகு உருக ஏறக்குறைய 1500 டிகிரி வேண்டும். ஆனால் எஃகு ஆலையில் உருகிய எஃகைச் செம்பு அச்சுக்குள்தான் ஊற்றுகிறார்கள்! அச்சு உருகிப் போகாதா? டீச்சரிடம் கேட்டேன். "நீயே படிச்சு எழுதும்மா" என்றார். படித்ததை எழுதுகிறேன்.

இந்த முறைக்குத் தொடர் வார்ப்பு என்று பெயர். அச்சுக்கு அடிப்பக்கம் கிடையாது. மேலே எஃகை ஊற்ற ஊற்ற, கீழே நிற்காமல் இறங்கி வரும். அச்சின் சுவருக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் செம்பு உருகுவதில்லை. அச்சின் உயரம் சுமார் ஒரு மீட்டர்தான். அதைத் தாண்டும்போது எஃகின் மேல் 1 முதல் 2 செ.மீ. தடிப்புக்குத்தான் தோல் கட்டியிருக்கும். உள்ளே இன்னும் குழம்புதான்! தோல் அச்சில் ஒட்டிக் கிழிந்தால் எஃகு கீழே கொட்டிவிடும். இதை பிரேக் அவுட் என்பார்கள். இயந்திரம் பாழாகும். அங்கே வேலை செய்பவர்களின் உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் அச்சில் உள்ள எஃகின் மேல் மோல்டு பவுடர் தூவுகிறார்கள். அதன் வேலைகள்:

1. காற்று படாமல் மூடி, எஃகு ஆக்சிஜனோடு சேராமல் காக்கும்.
2. மேல்பக்கம் சூடு போகாமல் போர்வை போல இருக்கும்.
3. மிதந்து வரும் அழுக்கை உறிஞ்சும்.
4. உருகி, எஃகுக்கும் அச்சுக்கும் நடுவே இறங்கி வழுக்க வைக்கும். இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிறோமே, அதே மாதிரி. அச்சும் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும்.
5. எஃகின் சூடு எல்லாப் பக்கமும் சமமாக அச்சுக்குப் போக உதவும்.

பவுடரில் அதிகம் இருப்பவை கால்சியம் ஆக்சைடும் சிலிக்காவும். இவை மட்டும் இருந்தால் லேசில் உருகாது. அதனால் சோடாவும் ஃபுளோர்ஸ்பார் என்ற கனிமமும் சேர்க்கிறார்கள். அப்போது சீக்கிரம் உருகி, இளகி ஓடும்.

ஆனால் ரொம்ப வேகமாக உருகினாலும் ஆபத்து. மேலே போர்வை இருக்காதே! அதற்குத்தான் கரித்தூள். சப்பாத்தி உருண்டைகள் ஒட்டாமல் இருக்க மாவு தூவுகிறோம் அல்லவா? அதுபோலக் கரித்தூள் நடுவில் நின்று, உருகிய துளிகள் ஒன்று சேராமல் தடுக்கும். கரி எரிந்து தீர்ந்த பிறகுதான் துளிகள் சேரும்.

எல்லாம் அளவோடு இருக்கணும். உருகிய பவுடர் கெட்டியாக இருந்தால் இடுக்கில் இறங்காது, எஃகு ஒட்டிக்கொள்ளும். ரொம்ப நீர்த்துப் போனால் எஃகுக்குள்ளேயே கலந்து அழுக்காகிவிடும்.

ஃபுளோர்ஸ்பாரில் ஒரு கெடுதலும் உண்டு. அதிலுள்ள ஃபுளோரின் கொஞ்சம் வாயுவாகப் போகும். கொஞ்சம் குளிர்விக்கும் தண்ணீரில் கலந்து அமிலமாகி இரும்புக் குழாய்களை அரிக்கும். அதற்குப் பதிலாக போரான் ஆக்சைடு போன்றவற்றைச் சேர்த்து ஆராய்ச்சி செய்கிறார்கள்.

ஒரு டன் எஃகுக்கு ஒரு கிலோ பவுடர்கூடச் செலவாகாது. ஆனாலும் அது சரியில்லை என்றால் எல்லாமே கெட்டுப்போகும்.

சிந்திக்க: கரி மிகமிகக் குறைவாக இருக்க வேண்டிய எஃகுக்கு, பவுடரில் நிறையக் கரி சேர்க்கலாமா? விடையைக் காரணத்துடன் எழுதி இந்தத் தாளின் அருகில் ஒட்டுங்கள்.



- 9-ஆம் வகுப்பு மாணவி