தொண்டும் சட்டமும்

திருப்பதியில் வாழும் நமக்குத் தொண்டு என்றதும் அன்னதானமே நினைவுக்கு வரும். பசித்தவனுக்குச் சோறிடுவதை எந்த அரசும் தடுப்பதில்லை. “இவன் ஏன் பசித்தான்? சட்டத்தில் குறை உண்டோ?” என்று சோறிட்ட சங்கமே கேட்கும்போதுதான் சிக்கல் எழுகிறது.

நான் வேதியியல் மாணவன், சட்டம் பயின்றவனல்லேன். ஆயினும் குப்பம் வட்டாரத்துக் கிரானைட் குவாரிகளைப் பார்த்தபின் இதைப் படிக்க நேர்ந்தது. கல்லைத் துளையிடும்போது எழும் சிலிகாத் தூசி நுரையீரலில் தங்கி ஆறாத தழும்பை உண்டாக்கும். சிலிகோசிஸ் என்னும் அந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை; தூசியைத் தடுப்பதே வழி.

அங்கே ஒரு சங்கம் அயல்நாட்டு நன்கொடையில் மருந்து வழங்குவதாக வைத்துக்கொள்வோம். நீர் பாய்ச்சியே துளையிட வேண்டுமென அது அரசிடம் வாதாட விரும்பினால், அறிக்கை எழுத வேண்டும். வழக்கறிஞரை நாட வேண்டும். அயல்நாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2011-ஆம் ஆண்டு விதிகளில் இவ்விரு செலவும் ‘நிருவாகச் செலவு’. மருந்தின் விலை அப்படியன்று! நிருவாகச் செலவுக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றுக்கு 50 வரை இடம் தந்தது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 20 ஆக்கியது. பெற்ற நன்கொடையை வேறொரு சங்கத்துக்குப் பகிர்ந்தளிப்பதையும் தடுத்தது. திருப்பதியிலுள்ள பெரிய சங்கம் குப்பத்துச் சிறு சங்கத்தை அப்பணத்தால் தாங்க இயலாது. அத்தடை செல்லும் என்று 2022-இல் உச்சநீதிமன்றமும் கூறிவிட்டது.

வியப்பு என்னவெனில், அதே நீதிமன்றம் 2020 மார்ச்சில் வேறொரு வழக்கில், கட்சி அரசியல் நோக்கமின்றி மக்களுக்காகப் பந்த், மறியல் நடத்தும் அமைப்பை அரசியல் அமைப்பென்று முத்திரை குத்தலாகாது என்றது. பேச உரிமை வந்த ஆண்டிலேயே பேசுவதற்கான பணம் சுருங்கியது.

அயல்நாட்டுப் பணம் நம் அரசியலை ஆட்டிவைக்கக் கூடாது என்னும் கவலை நியாயமானதே. 1976-இல் முதற்சட்டம் பிறந்ததும் அக்கவலையால்தான். ஆனால் கணக்குக் கேட்பது வேறு. அறிக்கை எழுதுவதை நாற்காலி, மேசைச் செலவோடு சேர்ப்பது வேறு.

களத்தில் சேர்த்த அளவீடுகளை ஆராய்வோரின் சம்பளத்துக்கு விதியில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் அது ஆராய்ச்சியையோ பயிற்சியையோ முதன்மைப் பணியாகக் கொண்ட அமைப்புகளுக்கே உரியது. மருந்து வழங்கும் சங்கத்துக்கு எட்டாது. பல்கலைக்கழக மாணவர் தம் பொறுப்பில் தூசியை அளந்து கொடுத்தால் அச்செலவு சங்கத்தின் கணக்கில் ஏறாது. வடிதாளில் படிந்த தூசியை நிறுக்கும் தராசு நம் ஆய்வகத்திலேயே இருக்கிறது.