காம்டன் நகரும் காவலும்

தோற்றுவாய்

நாட்டுக்கு அணியாவன ஐந்து என வகுத்த திருவள்ளுவர், அவற்றுள் ஏமத்தையும் ஒன்றாக வைத்தார். ஏமமாவது காவல். ஏனைய நான்கும் நிரம்பியிருப்பினும், இரவில் கதவைத் தாழிட்டு அஞ்சியஞ்சித் துயில்வோர்க்கு அவற்றாற் பயன் யாது? ஆகவே ஓர் ஊர் குடியிருத்தற்கு உரியதோ எனக் கேட்பார், முதற்கண் அதன் காவலையே உசாவுதல் இயல்பாம்.

சென்ற ஆண்டில் என் அத்தை மகனார்க்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நியூ ஜெர்சி மாகாணத்தைச் சார்ந்த காம்டன் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடங் கிடைத்தது. வீட்டிலுள்ளார் யாவரும் மகிழ்ந்தனர். மறுநாள் அயலார் ஒருவர், அந்நாட்டின் அச்சந்தரும் நகரங்களை வரிசைப்படுத்திய பழைய பட்டியலொன்றில் இந்நகர் முதலிடத்தில் நின்றதெனக் கூறவே, அம்மகிழ்ச்சி வாடிற்று. அத்தையார் என்னை அழைத்து, “நீ படிக்கிற பிள்ளையாயிற்றே, அந்த ஊரிலே குடியிருக்கலாமா, கூடாதா? பார்த்துச் சொல்லப்பா” என்றார். ஒரு நாளில் விடை கூறிவிடலாம் என எண்ணித் தொடங்கினேன். திங்கள் இரண்டு சென்றன. அக்காலத்து யான் கற்றவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

நகரின் உயர்வும் தாழ்வும்

காம்டன் டெலவேர் ஆற்றின் கீழ்க்கரையில் உள்ள சிறு நகர். அதற்கு நேரெதிரே மேல்கரையில் பிலடெல்பியா மாநகர் விளங்குகின்றது. 2020-ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி காம்டனில் வாழ்வோர் 71,791 பேர். 1950-இல் அத்தொகை 1,24,555 ஆக இருந்தது. எழுபது ஆண்டுகளில் ஐவரில் இருவர் குறைந்தனர் என்னும் இவ்வொரு செய்தியிலேயே அந்நகரின் துன்பக் கதை முழுதும் அடங்கியுள்ளது.

முற்காலத்தில் அஃது உழைப்பாளர் திரண்ட ஊர். தகரக் குவளையில் அடைத்த சூப்புக்குப் பெயர்பெற்ற காம்ப்பெல் நிறுவனம் 1869-இல் அங்கே தோன்றிற்று. 1901-இல் தோன்றிய விக்டர் இசைக்கருவி நிறுவனமும் அவ்வூரதே. கிராமபோன் குழலின் அருகே செவிசாய்த்திருக்கும் நாயின் படத்தை நம் பாட்டனார் காலத்து இசைத்தட்டுகளிற் கண்டிருப்போம். அந்நாயின் உருவம் வண்ணக் கண்ணாடியில் அமைந்த கோபுரமொன்று இன்றும் காம்டனில் நிற்கின்றது. ஆற்றங்கரையில் இருந்த நியூயார்க் கப்பல் கட்டும் நிறுவனம் இரண்டாம் உலகப் போரின்போது பல்லாயிரவர்க்கு வேலை அளித்தது.

போர் ஓய்ந்த பின்னர் நிலை மாறிற்று. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வேற்றிடம் நாடின. கப்பல் கட்டும் தலம் 1967-இல் மூடப்பட்டது. பொருளுடையோர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். போக வழியற்றோர் எஞ்சினர். 1971-இல், போர்ட்டோ ரிக்கோ வழியினர் ஒருவரைப் போலீஸார் அடித்தது காரணமாகப் பெருங் கலகம் மூண்டது. அதன்பின் போனவர் இன்னும் பலர். வீடுகள் வெறுமையாயின, வரி குறைந்தது, வரி குறையவே காவலும் பள்ளியும் தளர்ந்தன, அவை தளரவே எஞ்சியோரிலும் பலர் வெளியேறினர். இங்ஙனம் விளைவே மீண்டும் காரணமாகிச் சுழன்று வந்தது. வெற்று வீடுகளின் வாயில்களில் போதைப் பொருள் விற்போர் இடம்பிடித்தனர். தெருவிலேயே வெளிப்படையாக நடைபெற்ற அத்தகைய சந்தைகள் ஏறத்தாழ 175 என அதிகாரிகள் ஒருகால் கணக்கிட்டனர். வாங்க வந்தவருட் பலர் புறநகரத்தார். குருதி சிந்தியதோ காம்டன் தெருக்களில்.

கணக்கும் அதன் பொருளும்

குற்றத்தை அளப்பது எவ்வாறு? ஓராண்டில் நிகழ்ந்த குற்றங்களின் தொகையைக் குடிகளின் தொகையால் வகுத்து, 1,00,000-ஆற் பெருக்கினால் வருவது குற்ற வீதம். பெரிய ஊரையும் சிறிய ஊரையும் ஒப்புநோக்குதற்கு இம்முறை பயன்படும். அந்நாட்டில் 1930 முதல் கூட்டாட்சிப் புலனாய்வு நிலையத்தார் ஊர்தோறும் கணக்குப் பெற்று வெளியிட்டு வருகின்றனர். கொலை, கற்பழிப்பு, வழிப்பறி, கொடுந்தாக்குதல் என்பன உடலைப் பற்றிய வன்குற்றங்கள். கன்னக்களவு, திருட்டு, வண்டித் திருட்டு என்பன பொருளைப் பற்றியவை.

2012-ஆம் ஆண்டில் காம்டனிற் கொலையுண்டோர் 67 பேர். வகுத்துப் பார்க்கின் 1,00,000 பேருக்கு ஏறத்தாழ 87 ஆகும். அவ்வாண்டில் நாடு முழுமைக்கும் அவ்வீதம் 4.7. எனவே காம்டனின் வீதம் நாட்டின் வீதத்தினும் பதினெட்டு மடங்குக்கு மேற்பட்டது. இதனைக் கண்டபோது அத்தையாரின் அச்சம் பொருளற்றதன்று என உணர்ந்தேன்.

ஆயினும் இவ்வெண்ணை மட்டும் நம்பி முடிவு கூறுவோர் நான்கு இடங்களில் இடறுவர்.

முதலாவது, சிற்றூர்களின் வீதம் எளிதில் ஏறியிறங்கும். 5,000 பேர் வாழும் ஊரில் ஓராண்டு ஒரு கொலை நிகழின் வீதம் 20. மறு ஆண்டு நிகழாதொழியின் சுழி. ஊரின் இயல்பு ஓராண்டில் அவ்வளவு மாறிவிடவில்லை. ஆதலின் ஓராண்டுக் கணக்கை விடுத்துப் பல்லாண்டுப் போக்கை நோக்குதல் வேண்டும்.

இரண்டாவது, வகுக்கும் எண்ணில் அடங்குவோர் அவ்வூரிற் குடியிருப்போர் மட்டுமே. காம்டனில் பல்கலைக்கழகமும், பெரிய மருத்துவமனையும், நீதிமன்றங்களும் உள்ளன. பகலில் ஆயிரக்கணக்கானோர் வந்து மாலையில் மீள்கின்றனர். அவர்மேல் நிகழும் குற்றம் மேற்கணக்கிற் சேரும். அவர்தம் தலைகள் கீழ்க்கணக்கிற் சேரா.

மூன்றாவது, போலீஸாரிடம் சொல்லப்பட்ட குற்றங்களே அவர்தம் ஏட்டில் ஏறும். 1973 முதல் அந்நாட்டார் வீடுவீடாகச் சென்று குற்றத்துக்கு ஆளானோரை உசாவும் வேறொரு கணக்கும் எடுத்து வருகின்றனர். வன்குற்றங்களிற் பாதிக்கு மேற்பட்டவை போலீஸாருக்குத் தெரிவிக்கப்படுவதே இல்லை என அது காட்டுகின்றது. காவலர்பால் நம்பிக்கை இழந்த ஊரில் முறையீடு குறையும். ஏட்டில் குற்றமும் குறைந்தது போலத் தோன்றும். நம்பிக்கை மீளின் முறையீடு மிகும். ஊர் கெட்டது போலத் தோன்றும். கொலை ஒன்றே பெரும்பாலும் மறைக்கவியலாதது. அதுபற்றியே இக்கட்டுரையில் அதனை அளவையாகக் கொண்டேன்.

நான்காவது இடறலே பெரிது. வீதம் என்பது ஊர் முழுமைக்கும் பரப்பிக் கூறும் சராசரி. குற்றமோ ஊர் முழுதும் பரந்து நிகழ்வதன்று. சியாட்டில் நகரில் 1989 முதல் 2004 வரை நிகழ்ந்தவற்றை டேவிட் வைஸ்பர்டு முதலிய அறிஞர் தெருத்தெருவாகப் பிரித்து ஆராய்ந்தனர். நகரின் தெருத்துண்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்தனுள்ளேயே பாதிக் குற்றங்கள் நிகழ்ந்தமை தெரியவந்தது. அடுத்தடுத்த தெருக்களிலும் ஒன்று அமைதியாகவும் மற்றொன்று கொடிதாகவும் இருக்கக் கண்டனர். ஆகலின் “இவ்வூர் தீயது” என்னுமிடத்து, அவ்வூரின் அமைதியான தெருக்களுக்கும் நாம் அநீதி செய்கின்றோம். அந்தச் சில தெருக்களில் அகப்பட்டு வாழும் ஏழைகளின் துன்பத்தையும் குறைத்து மதிப்பிடுகின்றோம். கணக்கை வெளியிடும் அப்புலனாய்வு நிலையத்தாரே, அதனைக் கொண்டு ஊர்களைத் தரவரிசைப் படுத்தலாகாதென எச்சரித்துள்ளனர்.

காவல் மாறிய வகை

2011-ஆம் ஆண்டு சனவரியில், பொருள் முட்டுப்பாட்டால் காம்டன் நகரத்தார் தம் போலீஸாரில் ஏறத்தாழப் பாதிப் பேரை வேலையினின்றும் நீக்கினர். அடுத்த ஆண்டிலேயே மேற்கூறிய 67 கொலைகள் நிகழ்ந்தன. மாண்டவர்க்காக நகர மன்றத்தின் முன்னே வெண்சிலுவைகளை நாட்டினர் மக்கள். கணக்கேட்டில் 67 என்பது ஓரெண். அத்திறந்த வெளியில் நடப்பட்ட மரச்சிலுவை ஒவ்வொன்றும் ஒரு தாயின் மகனைக் குறித்தது. அப்படத்தைக் கண்ட பின்னர், வீதம் எனும் சொல்லை எழுதுந்தோறும் என் கை சற்றே தயங்குகின்றது.

2013-ஆம் ஆண்டில் நகரத்தின் போலீஸ் படை முற்றிலும் கலைக்கப்பட்டு, கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் பெயரால் புதிய படை அமைந்தது. பழைய ஊதிய உடன்படிக்கை ஒழிந்தமையின், முன்னினும் மிகுதியான காவலரை நியமித்தல் இயன்றது. வேலை இழந்தவர்க்கும், உரிமை இழந்த தொழிற்சங்கத்தார்க்கும் இஃது உவப்பன்று. புதிய காவலர் வண்டியை விட்டிறங்கித் தெருவில் நடந்தனர்; கதவு தட்டித் தம் பெயர் கூறினர். குண்டடிபட்டோரை, மருத்துவ வண்டி வருமளவும் காத்திராது தம் வண்டியிலேயே ஏற்றி மருத்துவமனை சேர்த்தனர்.

எல்லாம் செவ்விதின் நடந்ததெனக் கூறல் உண்மையாகாது. தொடக்க ஆண்டுகளில், மணியில்லாத சைக்கிள், கருங்கண்ணாடி இட்ட கார் முதலிய சிறு பிழைகளுக்கும் தண்டச் சீட்டுகள் மிகப் பல எழுதப்பட்டன. வறியோர் முணுமுணுத்தனர், அவர்தம் உரிமைக்காக வாதிடும் சங்கத்தாரும் கண்டித்தனர். படைத்தலைமை அவ்வழியைத் தளர்த்திற்று. 2019-இல், உயிர்காத்தலே முதற் கடமை என்றும், வேறு வழியில்லாதவிடத்தன்றி வன்மை கூடாதென்றும் புதிய விதி வகுத்தனர்; தவறிழைக்கும் சக காவலரைத் தடுப்பதும் கடமையாயிற்று. 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில், மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டு என்பார் போலீஸார் கையில் உயிர்நீத்த செய்தி கேட்டு நாடெங்கும் ஊர்களிற் கொந்தளிப்பு எழுந்தபோது, காம்டனில் காவற்றலைவரே மக்களோடு ஊர்வலத்தில் நடந்தார்.

கொலைத் தொகை 2013-இல் 57, 2014-இல் 33, 2018-இல் 22, 2024-இல் 17 எனக் குறைந்தது. இக்குறைவு முழுதும் காவலர் செயலே எனல் துணிபன்று. நாட்டில் வேறு பல ஊர்களிலும் அக்காலத்துக் குற்றம் ஏறியும் இறங்கியும் வந்தது. காம்டனில் புதிய தொழில்களும் பள்ளிகளும் தோன்றின. மேலும், 17 என்பதும் 1,00,000 பேருக்கு ஏறத்தாழ 24 ஆகும். நாட்டின் வீதம் 5. நோய் தணிந்ததேயன்றித் தீரவில்லை.

வெற்று மனையும் வீட்டு வாயிலும்

காவல் என்பது காவலரால் மட்டும் ஆவதன்று என்பதற்கு எதிர்க்கரையில் ஒரு சான்று உண்டு. பிலடெல்பியாவில் குப்பை மண்டிக் கிடந்த 541 வெற்று மனைகளை அறிஞர் சிலர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டனர். சீட்டுப் போட்டாற் போல அவற்றைப் பிரித்து, சிலவற்றைத் தூய்மை செய்து, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, தாழ்ந்த மரவேலி இட்டனர். சிலவற்றை இருந்தபடியே விட்டனர். 2018-இல் வெளியான அதன் முடிவு வியப்புக்குரியது. வறுமை மிக்க பகுதிகளில், திருத்தப்பட்ட மனைகளைச் சூழத் துப்பாக்கிக் குற்றங்கள் நூற்றுக்கு 29 விழுக்காடு குறைந்தன. அயலில் வாழ்வோரின் அச்சமும் தணிந்தது. துப்பாக்கியை ஒளித்துவைக்கும் புதர் நீங்கிற்று. பிள்ளைகள் ஆட இடம் பிறந்தது. கண்காணிக்க அண்டை வீட்டார் வெளியே வந்தனர். ஒரு வேலியும் சிறிது புல்லும் இவ்வளவு செய்யுமாயின், கேட்பாரற்று விடப்பட்ட நிலமே குற்றத்துக்கு விளைநிலம் என்பது தெளிவன்றோ?

முடிவுரை

வால்ட் விட்மன் என்னும் கவிஞர் 1873 முதல் 1892-இல் உயிர் நீக்குமளவும் காம்டனில் வாழ்ந்தார். நம் பாரதியார் அவரைப் போற்றித் தமிழர்க்கு அறிமுகம் செய்வித்தமையைத் தமிழ் மாணவர் அறிவர். எவராலும் வெல்லப்படாத நகரைப் பற்றி விட்மன் பாடிய கனவு, காம்டன் நகர மன்றத்தின் சுவரிற் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நகரின் வலிமை மதிலும் படையுமன்று, மாந்தர் ஒருவர்பால் ஒருவர் கொண்ட நேயமே என்பது அப்பாட்டின் கருத்து. அவர் வாழ்ந்த சிறு வீடு இன்றும் உளது. அதன் எதிரே மாவட்டச் சிறைச்சாலை நிற்கின்றது. கனவும் நனவும் ஒரு தெருவின் இருபுறத்தே எதிரெதிர் நோக்கி நிற்கும் காட்சி அது.

சகரியா தீர்க்கதரிசி எருசலேமின் வருங்கால நலத்தைக் கூறுமிடத்து மதிலின் உயரத்தைச் சொல்லவில்லை. கோலூன்றிய முதியோர் தெருவில் அமர்ந்திருப்பதையும், சிறுவர் சிறுமியர் வீதியில் விளையாடுவதையுமே சொன்னார். குடியிருப்பின் காவலுக்கு அதனினும் நுண்ணிய அளவுகோலை யான் எக்கணக்கேட்டிலும் கண்டிலேன்.

அத்தையார்க்கு யான் கூறிய விடையும் அதுவே: “ஊரின் பெயரைக் கேட்டு அஞ்சவேண்டாம், அஞ்சாமலும் இருக்கவேண்டாம். எந்தத் தெரு, எந்த வீடு, இரவில் திரும்பும் வழி எது எனக் கேட்கச் சொல்லுங்கள். மாலையில் அத்தெருவிற் பெரியவர்கள் வாயிற்படியில் உட்கார்ந்திருக்கிறார்களா, பிள்ளைகள் விளையாடுகிறார்களா எனப் பார்த்து வீடு பிடிக்கச் சொல்லுங்கள்.” அத்தையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “அந்தப் பெரியவர்களுக்கு இவனும் ஒரு நல்ல அயலானாக இருக்க வேண்டுமே” என்றார். இரண்டு திங்கள் கற்றும் எனக்குத் தோன்றாத கருத்து அது. ஊர் நம்மைக் காக்குமோ என்றே யான் கேட்டுக்கொண்டிருந்தேன்; ஊர்க் காவலில் நம் பங்கு யாது என்பதே அத்தையார் கேட்டது.

இக்கல்லூரியினின்றும் ஆண்டுதோறும் அயலூர்களுக்கும் அயல்நாடுகளுக்கும் செல்வோர் பலர். செல்லுமிடத்துப் பட்டியல் பார்த்து வீடு தேடுதலோடு அமையாது, வாழுந் தெருவுக்கு ஏமமாக வாழ்தலும் நம் கடமையென உணர்வோமாக.