ஊருக்கு ஒரு நடனப் பள்ளி

கேரளத்தில் செறுதுருத்தி என்று ஓர் ஊர் உண்டு. திருச்சூர் மாவட்டத்தில் பாரதப்புழை ஆற்றின் கரையில் இருக்கிறது. அங்கே ஒரு கலைப் பள்ளி இருக்கிறது. அதன் பெயர் கேரள கலாமண்டலம். கதகளியும் மோகினியாட்டமும் அங்கே கற்றுத் தருகிறார்கள். பாட்டும் மேளமும் கற்றுத் தருகிறார்கள். பல நாடுகளிலிருந்து கற்க வருகிறார்கள்.

இன்று அது பல்கலைக்கழகம். ஆனால் தொடங்கியபோது சொந்தக் கட்டடம் கூட இல்லை. கையில் காசும் இல்லை. அப்படியானால் எப்படித் தொடங்கினார்கள்?

காது கேளாத கவிஞர்

வள்ளத்தோள் நாராயண மேனன் பெரிய மலையாளக் கவிஞர். பிறந்த ஆண்டு 1878. முப்பது வயதை ஒட்டி அவருக்குக் காது கேட்காமல் போனது. மேளம் கேட்காது. பாட்டும் கேட்காது. ஆனாலும் கதகளி மீது அவருக்குத் தீராத ஆசை.

அந்தக் காலத்தில் கதகளி நலிந்து கிடந்தது. அரண்மனைகளும் பெரிய வீடுகளும் ஆட்டக்காரர்களுக்கு ஆதரவு தருவது குறைந்து வந்தது. வயதான ஆசான்கள் வறுமையில் வாடினார்கள். அவர்கள் போய்விட்டால் கலையும் போய்விடும். இதுதான் வள்ளத்தோளின் கவலை.

அவரும் நண்பர் மணக்குளம் முகுந்த ராஜாவும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். பணம் திரட்ட லாட்டரி சீட்டு நடத்தினார்கள். சீட்டு விற்பதற்கு ஊர் ஊராக அலைந்தார்கள். 1930ஆம் ஆண்டு குன்னங்குளத்தில் பள்ளி தொடங்கியது. பிறகு இடம் மாறியது. கடைசியில் செறுதுருத்திக்கு வந்து சேர்ந்தது.

பணம் தீர்ந்தபோது வள்ளத்தோள் ஓய்ந்து உட்காரவில்லை. ஆட்டக் குழுவை அழைத்துக்கொண்டு வெளியூர்களுக்குப் போனார். வெளிநாடுகளுக்கும் போனார். நிகழ்ச்சி நடத்தினார். அந்தப் பணத்தில் பள்ளி நடந்தது. பள்ளியின் பெயரும் பரவியது. நல்ல நிகழ்ச்சியே அவர்களுக்கு நல்ல விளம்பரம்.

பெண்கள் வந்த கதை

கதகளி வகுப்பை விட மோகினியாட்ட வகுப்பு நடத்துவது கடினமாக இருந்தது. மோகினியாட்டம் பெண்கள் ஆடும் ஆட்டம். அப்போது அதை ஆடும் பெண்களை ஊர் மதிக்கவில்லை. ஏளனமாகப் பேசியது. அதனால் கற்றுத் தர ஆசிரியர் கிடைப்பதே அரிது. பெண் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள்.

வகுப்பு தொடங்கியது. இடையில் நின்றது. மீண்டும் தொடங்கியது. அந்தத் தொடக்க காலத்தில் துணிந்து கற்றவர்களில் ஒருவர் கல்யாணிக்குட்டி அம்மா. அவர் பிறகு பலருக்கு ஆசிரியரானார். ஆட்டத்தைப் பற்றி நூலும் எழுதினார். பின்னால் அங்கே கற்ற சத்யபாமா என்ற பெண், அந்தப் பள்ளியிலேயே ஆசிரியரானார். 2014இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எந்த ஆட்டத்தை ஊர் ஏளனம் செய்ததோ, அதே ஆட்டத்துக்கு நாடு விருது கொடுத்தது.

ஹைதரலி என்ற முஸ்லிம் சிறுவரும் அங்கே கதகளிப் பாட்டு கற்றார். பெரும்பாலும் கோயில்களில்தான் கதகளி நடக்கும். சில கோயில் வளாகத்துக்குள் பாட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் பாட்டை விடவில்லை. கலாமண்டலம் ஹைதரலி என்று புகழ் பெற்றார். 2006இல் மறைந்தார்.

அதே 2006இல் கலாமண்டலத்துக்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. 2021இல் கதகளி வகுப்பில் பெண் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். 2024இல் மோகினியாட்ட வகுப்பில் ஆண் பிள்ளைகளையும் சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு கதவாகத் திறக்கிறது. எல்லாக் கதவும் திறக்க 90 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

கேரளத்தின் திருப்பூணித்துறையில் சில பெண்கள் இதற்காகக் காத்திருக்கவில்லை. 1975ஆம் ஆண்டிலேயே பெண்கள் மட்டும் சேர்ந்த கதகளிக் குழு ஒன்றை அங்கே அமைத்தார்கள். ஆண் வேடம், பெண் வேடம் எல்லாவற்றையும் பெண்களே கட்டினார்கள். 2016ஆம் ஆண்டுக்கான நாரி சக்தி விருது அந்தக் குழுவுக்குக் கிடைத்தது.

நம் ஊரில் முடியுமா?

முடியும். பல்கலைக்கழகம் வேண்டாம். இருபது பேர் ஆடும் ஒரு கூடம் போதும். அதற்கு வேண்டியவை நான்கு. இடம், ஆசிரியர், பணம், ஊரின் நம்பிக்கை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. இடம்

சமுதாயக் கூடம், பள்ளி வகுப்பறை, மகளிர் குழுக் கட்டடம் ஆகியவை மாலையில் பெரும்பாலும் சும்மா இருக்கும். ஊராட்சித் தலைவரிடமோ தலைமை ஆசிரியரிடமோ எழுதிக் கேட்க வேண்டும். வாய்ச் சொல் மறந்து போகும். தாளில் இருப்பது நிற்கும். எந்த நாள், எந்த நேரம், யார் பூட்டித் திறப்பது, மின் கட்டணம் யார் கட்டுவது என்று நான்கையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

தரையைப் பார்க்க வேண்டும். வெறும் சிமெண்டுத் தரையில் தினமும் குதித்து ஆடினால் முழங்காலும் கணுக்காலும் வலிக்கும். மண் தரையோ மரத் தரையோ நல்லது. சிமெண்டுத் தரைதான் உண்டு என்றால் குதிக்கும் ஆட்டத்தைக் குறைக்க வேண்டும். வழுக்கும் தரை கூடாது. காற்று, வெளிச்சம், குடிநீர், கழிப்பறை நான்கும் இருக்க வேண்டும். கழிப்பறை இல்லாத இடத்துக்குப் பெண்கள் தொடர்ந்து வரமாட்டார்கள்.

2. ஆசிரியர்

பரதநாட்டியம், மோகினியாட்டம் போன்ற ஆட்டங்களை முறையாகக் கற்றவர்தான் கற்றுத் தர வேண்டும். இரண்டு மாதம் பார்த்துப் பழகியவர் கற்றுத் தந்தால் தவறான பழக்கம் காலில் ஊறிவிடும். அதை மாற்றுவது கடினம்.

ஆனால் கும்மி, கோலாட்டம், ஒயில் போன்றவை கற்றுத் தர வெளியூர் போக வேண்டாம். நம் தெருவிலேயே ஒரு பாட்டிக்கு நாற்பது கும்மி தெரிந்திருக்கும். யாரும் கேட்காததால் அவர் சொல்லாமல் இருப்பார். அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அவருக்கும் சம்பளம் தர வேண்டும். கலை தெரிந்தவரைச் சும்மா வேலை வாங்குவது நியாயம் இல்லை.

3. பணம்

ஒரு மாதக் கணக்கைப் பார்ப்போம். இது ஓர் எடுத்துக்காட்டு. ஊருக்கு ஊர் தொகை மாறும்.

வரவு
பிள்ளைகள் 20. மாதக் கட்டணம் 150 ரூபாய்.
20 x 150 = 3,000 ரூபாய்.

செலவு
ஆசிரியர் சம்பளம் 1,800 ரூபாய்.
கூட வாடகை 500 ரூபாய்.
மின்சாரம், தண்ணீர் 200 ரூபாய்.
நோட்டீஸ், பதிவேடு 100 ரூபாய்.
மொத்தம் 2,600 ரூபாய்.

மீதி 400 ரூபாய். நல்ல கணக்குதான். ஆனால் 4 பிள்ளைகளின் வீட்டில் கட்டணம் கட்ட முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். வரவு 16 x 150 = 2,400 ரூபாய் ஆகிவிடும். 200 ரூபாய் துண்டு விழும்.

இப்போது என்ன செய்வது? அந்த நான்கு பிள்ளைகளை நிறுத்திவிட்டாலும் வரவு கூடாது. பள்ளி தொடங்கியதற்கு அர்த்தமும் இல்லாமல் போகும். ஆசிரியர் சம்பளத்தைக் குறைத்தால் ஆசிரியர் போய்விடுவார். வேறு வழி தேட வேண்டும். மாலை ஏழு மணிக்குப் பெரியவர்களுக்குத் தனி வகுப்பு வைக்கலாம். 6 பெண்கள் சேர்ந்தால் 900 ரூபாய் வரும். ஆசிரியருக்கு அதில் 500 ரூபாய் கூடுதலாகத் தரலாம். மீதி 400 ரூபாய். துண்டு விழுந்த 200 ரூபாயை அடைத்த பிறகும் 200 ரூபாய் மிஞ்சும்.

யார் இலவசமாகப் படிக்கிறார் என்பதை வகுப்பில் சொல்லக் கூடாது. அது பிள்ளையின் மனத்தைப் புண்படுத்தும். கணக்கு எழுதுபவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

காசு வாங்கினால் ரசீது தர வேண்டும். வரவு செலவை நோட்டில் எழுதி மாதம் ஒரு முறை பெற்றோருக்குப் படித்துக் காட்ட வேண்டும். 7 பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்யலாம். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கலாம். இருவர் கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்று வைத்தால் சந்தேகம் வராது.

வள்ளத்தோள் லாட்டரி நடத்தினார். இன்று நாம் அப்படிச் செய்யக் கூடாது. தனியார் லாட்டரி நடத்துவது சட்டப்படி குற்றம். நன்கொடை கேட்கலாம். கலை நிகழ்ச்சி நடத்தலாம்.

உதவித்தொகையும் உண்டு. மத்திய அரசின் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் 10 முதல் 14 வயதுள்ள பிள்ளைகளுக்குக் கலை கற்க உதவித்தொகை தருகிறது. நாட்டில் 7 மண்டலப் பண்பாட்டு மையங்கள் உள்ளன. தென் மண்டல மையம் தஞ்சாவூரில் இருக்கிறது. இந்த மையங்கள் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு மேடை தருகின்றன.

4. ஊரின் நம்பிக்கை

"ஆட்டம் சோறு போடுமா?" என்று ஒரு பெரியவர் கேட்பார். "வயசுக்கு வந்த பிள்ளையை ஆட அனுப்பலாமா?" என்று ஒரு பாட்டி கேட்பார். அவர்களோடு சண்டை போட்டுப் பயன் இல்லை. "பாட்டி, ஒரு நாள் நீங்களே வந்து உட்கார்ந்து பாருங்க. பிடிக்கலன்னா சொல்லுங்க" என்று அழைக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்து வகுப்பு நடத்தினால் வதந்தி பரவாது.

பிள்ளைகளின் பாதுகாப்பு முதல் வேலை. வகுப்பில் எப்போதும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. யார் வந்தார், எப்போது வீட்டுக்குப் போனார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். இருட்டுவதற்கு முன் பிள்ளைகளை அனுப்பிவிட வேண்டும். கை கால் நிலையைத் தொட்டுத் திருத்த வேண்டியிருந்தால், முன்னதாகவே பெற்றோரிடமும் பிள்ளையிடமும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை வேண்டாம் என்றால் தொடக் கூடாது.

எந்தச் சாதி, எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்கக் கூடாது. எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஆட வேண்டும். ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்க வேண்டும்.

எப்படித் தெரிவிப்பது?

முதலில் ஒரு நோட்டீஸ் அடிக்கலாம். சொற்கள் குறைவாக இருக்க வேண்டும். இந்த நோட்டீசைப் படித்துப் பாருங்கள்.

நடனம் கற்க வாருங்கள்!
இடம்: சமுதாயக் கூடம்
நாள்: சனி, ஞாயிறு
நேரம்: மாலை 4 முதல் 5.30 வரை
வயது: 7 முதல்
கட்டணம்: மாதம் 150 ரூபாய். முதல் 2 வகுப்பு இலவசம்.
கட்ட முடியாதவர்கள் வந்து பேசுங்கள்.
ஆண், பெண் இருபாலரும் சேரலாம்.

டீக்கடை, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் ஆகிய இடங்களில் கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு ஒட்டலாம். மகளிர் குழுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசலாம். செல்போனில் தெரிந்தவர்களுக்கு அனுப்பலாம். பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் அனுப்பக் கூடாது.

நோட்டீசை விட வலிமையானது நேரில் ஆடிக் காட்டுவது. சந்தை நாளில் பத்து நிமிடம் ஆடினால் போதும். கூட்டம் தானாகக் கூடும். ஆறு மாதம் கழித்து ஊர்த் திருவிழாவிலோ குடியரசு நாளிலோ முதல் நிகழ்ச்சி வைக்கலாம். ஒலிபெருக்கிக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. டிக்கெட் போட்டு, சினிமாப் பாட்டுக்கு ஆடுவதாக இருந்தால் பாட்டின் உரிமைக்காரரிடம் அனுமதி பெற வேண்டும். நாட்டுப்புறப் பாட்டைப் பிள்ளைகளே பாடி ஆடினால் அந்தத் தொல்லை இல்லை.

நிகழ்ச்சியில் நன்றாக ஆடுபவரை மட்டும் மேடை ஏற்றக் கூடாது. கடைசி வரிசைப் பிள்ளையும் ஏற வேண்டும். அந்தப் பிள்ளையின் அம்மாவும் கூட்டத்தில் இருப்பார்.

பொறுமை வேண்டும்

முதல் மாதம் 20 பேர் வருவார்கள். மூன்றாம் மாதம் 9 பேர் ஆகலாம். நடவு, அறுப்பு, தேர்வு என்று காரணம் இருக்கும். கலாமண்டலத்து வகுப்பே இடையில் நின்று மீண்டும் தொடங்கியதுதான். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். நேரம் ஒத்துவரவில்லை என்றால் நேரத்தை மாற்ற வேண்டும். 9 பேர் வந்தாலும் சொன்ன நேரத்தில் கூடத்தைத் திறக்க வேண்டும். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய பிள்ளை மறுபடி வருவது கடினம்.

பேசிப் பார்ப்போம்

1. நம் ஊரில் மாலையில் சும்மா இருக்கும் கட்டடம் எது?
2. கும்மி, கோலாட்டம் தெரிந்த பெரியவர்கள் யார் யார்? பெயர்களை எழுதுங்கள்.
3. மோகினியாட்டத்தை ஊர் ஏன் ஏளனம் செய்தது? இன்று நம் ஊரில் எந்தக் கலைஞரை அப்படிப் பேசுகிறார்கள்?
4. 25 பிள்ளைகள் சேர்கிறார்கள். 5 பேருக்கு இலவசம். மற்றவர்கள் மாதம் 120 ரூபாய் கட்டுகிறார்கள். செலவு 2,600 ரூபாய். மீதியா, துண்டா? எவ்வளவு?
5. உங்கள் ஊர் நடனப் பள்ளிக்கு ஒரு பெயர் வையுங்கள். அதற்கு ஒரு நோட்டீஸ் எழுதுங்கள்.