ஒரு கேள்வியோடு போ

அன்புள்ள தங்கைக்கு,

பி.ஏ. பொருளாதாரம் முடிக்கும் பிள்ளைகள் பலருக்கும் வரும் சந்தேகம்தான் உனக்கும் வந்திருக்கிறது: சாதாரண முதுகலைக்கும் ஆய்வு முதுகலைக்கும் என்ன வித்தியாசம்? நெதர்லாந்தைப் பார்த்தால் இது சுலபமாகப் புரியும். அங்கே பொருளியலில் வழக்கமான முதுகலை ஓராண்டு, 60 கிரெடிட். ஆய்வு முதுகலை இரண்டாண்டு, 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 28 மணி நேர உழைப்பு என்பது அந்த நாட்டுக் கணக்கு. ஆய்வு முதுகலைக்கு மொத்தம் 3,360 மணி நேரம். முதல் படிப்பை முடித்தவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறார்கள். இரண்டாவது, முனைவர் பட்டத்துக்கு முந்தைய படி.

ஆம்ஸ்டர்டாமின் இரண்டு பல்கலைக்கழகங்களும் ராட்டர்டாமின் ஒன்றும் சேர்ந்து 1987ல் தொடங்கிய டின்பெர்கன் நிறுவனம் இந்தப் படிப்புக்குப் பேர்போனது. நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், எகனாமெட்ரிக்ஸ் என்று அடிப்படைப் பாடங்களில் தொடங்கி, ஆய்வேட்டில் முடியும் படிப்பு அது. தொடக்கத்திலேயே பலர் திணறுவார்கள். காரணம், கணக்கு. வகையீடு, அணிகள், நிகழ்தகவு மூன்றையும் இப்போதே தூசி தட்டி எடுத்து வை. அந்த நிறுவனத்துக்குப் பெயர் தந்த யான் டின்பெர்கன் இயற்பியல் படித்தவர். பொருளியலுக்கான நோபல் பரிசு முதன்முதலில் வழங்கப்பட்ட 1969ல் ராக்னர் ஃப்ரிஷோடு சேர்ந்து அதைப் பெற்றவர்.

கணக்கு கருவிதான். அதைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம்.

1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. கூலி ஏறினால் முதலாளி ஆளைக் குறைப்பார் என்பது பாடப்புத்தகம் சொல்வது. உண்மையில் குறைத்தாரா? டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இதைத்தான் கேட்டார்கள். ஒட்டியிருக்கும் பென்சில்வேனியாவில் கூலி ஏறவில்லை என்பது அவர்களுக்கு வசதியாக அமைந்தது. இரண்டு மாநிலங்களிலும் சேர்த்து 410 துரித உணவகங்களை, கூலி உயர்வுக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் விசாரித்தார்கள். முழுநேர ஆட்கள் எத்தனை பேர், பகுதிநேர ஆட்கள் எத்தனை பேர், சாப்பாடு என்ன விலை? இரு பக்க மாற்றங்களையும் ஒப்பிட்டபோது, நியூஜெர்சியில் வேலை குறைந்ததற்கான அடையாளமே இல்லை.

1994ல் கட்டுரை வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. வேறு ஆய்வாளர்கள் ஊதியப் பதிவேடுகளை வாங்கி மறுகணக்குப் போட்டு மறுத்தார்கள். கார்டும் க்ரூகரும் புதிய தரவோடு 2000ல் பதில் எழுதினார்கள். கார்டுக்கு 2021ல் நோபல் கிடைத்தது. க்ரூகர் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். அந்த 410 கடைகளின் தரவு இன்றும் பொதுவில் கிடைக்கிறது. இறக்கி, நீயே ஒருமுறை கணக்கிட்டுப் பார். பத்துப் பாடங்கள் கேட்டும் வராத தெளிவு, ஒரு கட்டுரையை அப்படி உடைத்துப் பார்க்கும்போது வரும்.

எங்கே சேர்வது என்று குழம்புகிறாய் அல்லவா? அதே 2021 பரிசில் பங்கு பெற்ற கைடோ இம்பென்ஸின் கதையைக் கேள். நெதர்லாந்துக்காரர். பள்ளி நாளில் டின்பெர்கனின் புத்தகம் ஒன்றைப் படித்து, அந்த ஈர்ப்பில் ராட்டர்டாமில் எகனாமெட்ரிக்ஸ் சேர்ந்தார். பிறகு இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் 1986ல் முதுகலை முடித்தார். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அளவுக்கு ஹல் பெயர் வாங்கிய இடமல்ல. ஆனால் அங்கே டோனி லங்காஸ்டர் என்ற ஆசிரியர் இருந்தார். அவர் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது இம்பென்ஸும் அங்கே போய், 1991ல் முனைவர் பட்டம் பெற்றார். நீயும் விண்ணப்பிக்கும் முன் அந்தத் துறையின் ஆசிரியர்கள் எழுதிய கட்டுரைகள் இரண்டையாவது படி. யாரிடம் கற்கப்போகிறாய் என்பது தெரியாமல் பணம் கட்டாதே.

கேள்விக்காக வெளிநாடு போய்த் தேட வேண்டியதில்லை. 1915ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மறு ஆண்டே மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம், மாடு, கடன், கூலி என்று விசாரித்துக் குறித்து வந்தார்கள் அந்த இளைஞர்கள். 1918ல் அது புத்தகமானது. அதில் இடம்பெற்ற தென்னார்க்காட்டு இருவேல்பட்டு கிராமத்தை 1930களிலும் 1980களிலும் 2008லும் ஆய்வாளர்கள் மறுபடி அளந்தார்கள். ஏறக்குறைய நூறாண்டில் ஒரு கிராமம் எப்படி மாறியது என்று இன்று சொல்ல முடிகிறதென்றால், அதற்கான முதல் கணக்கை எழுதியவர்கள் உன் வயது மாணவர்கள்தான்.

விடுமுறை வருகிறது. உன் ஊரில் கூலி, கடன், குத்தகை ஏதாவது ஒன்றைப் பற்றிப் பத்து வீட்டிலாவது விசாரித்து, ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்பு. விண்ணப்பப் படிவத்தை அதன் பிறகு நிரப்பலாம்.

அன்புடன்,
அக்கா