தனி யூஎஸ்ஆர் பார்ட்டிஷன் எங்கிருந்து வந்தது?

கேள்வி: லினக்ஸில் யூஎஸ்ஆர் டைரக்டரியைத் தனிப் பார்ட்டிஷனில் வைத்திருக்கிறேன். சிஸ்டத்தைப் புதுப்பித்ததும் பூட் ஆகாமல் பாதியில் நிற்கிறது. இப்படிப் பிரித்து வைக்கும் வழக்கம் எப்படி வந்தது?

பதில்: டிஸ்க்கில் இடம் போதாமல் வந்தது. 1971 வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை ஓட்டிய பிடிபி-11 கணினியில், சிஸ்டம் இருந்த டிஸ்க்கின் கொள்ளளவு வெறும் 512 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் அடங்காது. பயனர்களின் கோப்புகளை இன்னொரு டிஸ்க்கில் வைத்து, அதை யூஎஸ்ஆர் என்று மவுன்ட் செய்தார்கள். நாளடைவில் கட்டளைகளும் பெருகி அங்கே குடியேறின. ஆனால் மவுன்ட் கட்டளையை மட்டும் அங்கே அனுப்ப முடியாது. யூஎஸ்ஆரைத் திறப்பதே அதுதானே! அது ரூட் டிஸ்க்கின் பின் டைரக்டரியிலேயே தங்கியது.

டிஸ்க்குகள் பெரிதான பிறகும் பிரிவினை போகவில்லை. ஒரே யூஎஸ்ஆரை நெட்வொர்க் வழியாகப் பல கணினிகள் படிக்கலாம் என்ற வசதி அதற்குப் பக்கபலமானது. அந்தக் காலத்துக்கு அது நியாயமான வசதிதான்.

லினக்ஸில் சிக்கலைக் கிளப்பியது, சாதனங்களைக் கையாளும் யூடெவ். பூட் ஆகும்போது சாதனம் ஒன்று தென்பட்டதும் யூடெவ் ஓட்ட வேண்டிய நிரலோ, பார்க்க வேண்டிய யூஎஸ்பி பெயர்ப்பட்டியலோ யூஎஸ்ஆரில் இருக்கும். யூஎஸ்ஆரோ இன்னும் மவுன்ட் ஆகியிருக்காது. பல நேரங்களில் பிழைச்செய்திகூட வராது. சாதனம் அரைகுறையாக நிற்கும், காரணம் புரியாமல் நாம்தான் அல்லாடுவோம்.

இந்தப் பிரிவினையை ஒழிக்க, 2012இல் ஃபெடோரா 17, ரூட்டில் இருந்த பின், எஸ்பின், லிப் டைரக்டரிகள் எல்லாவற்றையும் யூஎஸ்ஆருக்குள் கொண்டுபோய், பழைய இடங்களில் சிம்லிங்க் மட்டும் வைத்தது. 2023இல் வந்த டெபியன் 12இல் இந்த அமைப்பு கட்டாயம். நல்ல முடிவு என்பேன். ஆனால் மவுன்ட் கட்டளை மட்டுமல்ல, கெர்னல் முதலில் தேடும் இனிட் நிரலும் இப்போது யூஎஸ்ஆருக்குள்தான். ஆகவே கெர்னலோடு நினைவகத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்தான் யூஎஸ்ஆரை முன்கூட்டியே மவுன்ட் செய்ய வேண்டும். அது இல்லாமலோ பழையதாகவோ இருந்தால், உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

இதைச் சரிசெய்ய, லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, ரூட், யூஎஸ்ஆர் இரண்டையும், தனியாக இருந்தால் பூட் பார்ட்டிஷனையும் மவுன்ட் செய்யுங்கள். எஃப்எஸ்டேப் கோப்பில் யூஎஸ்ஆருக்கான யூயூஐடி சரியா என்று பாருங்கள். பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்திருந்தால் அது மாறியிருக்கும். பிறகு டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்து, சிஎச்ரூட் மூலம் உள்ளே போய் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்குங்கள். ஃபெடோராவில் அதற்கு டிராகட், டெபியனில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்.