லயத்துக் காம்பராவில் சடங்கு நடத்தும் முறை

இங்கிலாந்தின் பிரபு குலத்துக் கன்னியர் தலையில் இறகு சூடி, வெள்ளுடை உடுத்து, அரசியின் முன்னிலையில் முழங்கால் மடக்கி வணங்கித் தாம் பருவமெய்தியதை ஊரறியச் செய்துகொண்ட சம்பிரதாயம் 1958ஆம் ஆண்டோடு முடிவுற்றது. அதையொட்டி ஆடும் நடனத்துக்குத் துரைமார் 1876இல் நுவரெலியாவில் நிறுவிய ஹில் கிளப்பில் இடமிருந்திருக்கும். தோட்டத் தொழிலாளரின் பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயத்துக் காம்பராவில் ஏது? ஆயினும் கொத்மலைத் தோட்டத்துப் பெண்ணுக்கும் ஓர் அரங்கேற்றம் உண்டு. அதைக் குறைவின்றியும் கடனின்றியும் நடத்த விரும்பும் பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன்.

பெண் பெரியவளானாள் என்று தெரிந்தவுடன், பக்கத்துக் காம்பராவுக்குச் செய்தி எட்டுமுன் தாய்மாமனுக்குச் சொல்லியனுப்புக. மாமன் பிறர் வாய்மொழியாகக் கேள்விப்பட்டு, அந்த மனத்தாங்கலால் சீர் வராமலே நின்றுபோன சடங்குகளை நான் கண்டதுண்டு. இப்போது தொலைபேசி இருக்கையில் அந்தப் பிழைக்குச் சமாதானமே இல்லை. அன்றைய முதல் தண்ணீரை மாமன் மனைவியும் சுமங்கலிகள் சிலருமாக, ஒற்றைப்படை எண்ணிக்கையில் கூடி ஊற்றுவர். பீலியில் தண்ணீர் மெலிந்து விழும் மாதமானால் குடங்களை முன்கூட்டியே நிரப்பி வைப்பது அவசியம்.

அடுத்து, தனித்திருத்தல். மாமன் குச்சு கட்ட இடமில்லாத லயத்தில் காம்பராவின் ஒரு மூலையைச் சேலையால் மறைத்தாலே போதும். தென்மேற்குப் பருவமழை சரிந்து பெய்யும் நாட்களில், சாஸ்திரம் எதைச் சொன்னாலும், குழந்தையை இஸ்தோப்பில் படுக்கவைப்பது விவேகமன்று. உளுந்தங்களியில் நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, கித்துள் கருப்பட்டியைக் கரைத்துச் சேர்த்துக் கிண்டிக் கொடுக்க வேண்டும். நாட்டுக்கோழி முட்டையும் நல்லது. பதினாறு நாள் பள்ளிக்கு அனுப்பாதிருப்பது பழைய வழக்கம். தவணைப் பரீட்சை நெருங்கியிருந்தால் அவ்வழக்கம் சற்று விலகி நிற்கட்டும்.

நாள் குறிப்பதில்தான் பெரும்பாலோர் இடறுகின்றனர். பூசாரியார் சொல்லும் நல்ல நேரத்தோடு சம்பள நாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: பத்தாந் தேதிச் சம்பளம் கைக்கு வந்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமையே உத்தமம். பேர் (நாட்கூலி) போகாது, கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளும் வந்து சேரலாம். போயா தினத்திலும் விடுமுறை உண்டு எனினும், அன்று இறைச்சிக் கடைகள் மூடியிருக்குமாதலால் ஆட்டுக்கறி விருந்தை எண்ணியிருப்போர் அந்நாளைத் தவிர்ப்பார்களாக.

சடங்கன்று காலையில் மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீரில் பெண்ணை நீராட்டி, மாமன் கொணர்ந்த சேலையை உடுத்தி, மாலை சூட்டி மணையில் அமர்த்துக. மாமன் வீட்டார் பழம், பூ, இனிப்பு, வளையல் முதலிய சீர்த் தட்டுக்களை ஏந்தித் தப்பு முழங்க லயத்து வாசலுக்கு வருகையில் அவர்களை ஆலாத்தி எடுத்து எதிர்கொள்ள வேண்டும். முன்னாளில் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) விரட்டியெழுப்பிய அதே தப்பு இன்று ஒரு சிறுமிக்கு மரியாதை செய்வதைக் கேட்கையில் என் போன்ற கிழவர்களுக்குக் கண் கலங்குவது வழக்கம். அதற்காக ஊர்வலத்தைத் தாமதப்படுத்த வேண்டா. புகைப்படக்காரர் சொல்வதையெல்லாம் கேட்டுப் பெண்ணை வெயிலில் நிறுத்துவதும் வேண்டா. அவளுக்குக் கூச்சமாயிருந்தால் இரண்டு படம் போதும்.

மொய் எழுத நிதானமான கையெழுத்துடைய ஒருவரை அமர்த்துக. மொய் வரும் என்று நம்பி வட்டிக்கு வாங்குவது பேதைமை, ஏனெனில் அந்நோட்டில் பதியும் ஒவ்வொரு தொகையும் நாம் பிறர் வீட்டில் திருப்பிச் செய்ய வேண்டிய கடனேயாகும்.

கோயிலில் இரவல் வாங்கிய அண்டாக்களை அன்றிரவே துலக்கிவிடுக; திங்கட்கிழமை பிரட்டுக்குப் பின் அதற்கு ஒருவரும் அகப்படார்.