அல்கட்ராஸில் விழுந்த ப்ராக்ஸி

கிளாஸ்ல ப்ராக்ஸி கொடுத்திருக்கீங்களா? 1962 ஜூன் 11 ராத்திரி, அமெரிக்காவின் அல்கட்ராஸ் சிறையில் மூணு கைதிகள் அதைத்தான் செய்தார்கள்.

சான் பிரான்சிஸ்கோ அருகே கடல் சூழ்ந்த தீவுச் சிறை அது. ராத்திரியிலும் காவலர்கள் தலை எண்ணுவார்கள். கட்டிலில் தலை தெரிந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு. அன்றைக்குத் தெரிந்தவை சோப்பு, டாய்லெட் பேப்பரில் செய்த பொம்மைத் தலைகள். முடி மட்டும் நிஜம், சிறை சலூனிலிருந்து எடுத்தது!

ஃபிராங்க் மாரிஸும் ஆங்லின் சகோதரர்கள் இருவரும், பின்சுவரின் காற்றுத் துவாரத்தைச் சுற்றி ஸ்பூனால் முன்பே குடைந்து வைத்திருந்தார்கள். அந்த வழியே வெளியேறி, ரெயின்கோட்டுகளை ஒட்டிச் செய்த மிதவையில் கிளம்பிவிட்டார்கள். விஷயம் தெரிந்தது மறுநாள் காலையில்தான். அவர்கள் என்ன ஆனார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

கவனிங்க, எண்ணிக்கை சரியாத்தான் வந்தது. ஆனா எண்ணியது ஆளை இல்லை, ஆள் மாதிரி தெரிந்ததை. அதனால் ராத்திரிக் கணக்கில் தோலையோ அசைவையோ பார்த்த பிறகே எண்ண வேண்டும். இது தப்பிப்பதைத் தடுக்க மட்டும் இல்லை. உள்ளே ஒருத்தர் மூச்சுவிடுகிறாரா என்பதும் அப்போதுதான் தெரியும்.

நாளைக்கு நீங்க ஒரு சென்சார் பொருத்தும்போது இதைக் கேட்டுப் பாருங்க: இது ஆளை அளக்குதா, பொம்மையையா?